விவசாயியும் அவரையும் - நார்வே மொழியில் தொலைந்துபோகாத ஓர் அசை

நார்வேக்காரர்களைச் சிரிக்க வைக்க ஒரு சின்ன இடைவெளி போதும்.

கடையில் ஆட்டுக்குட்டித் தொடைக்கறி விற்பார்கள். அதன் பெயர் 'லம்மெலோர்'. 'லம்' என்றால் ஆட்டுக்குட்டி, 'லோர்' என்றால் தொடை, நடுவில் இரண்டையும் ஒட்டும் பசையாக ஓர் 'எ'. மூன்றும் சேர்ந்து ஒரே சொல். எழுதுகிறவர் கை தவறி நடுவில் இடம் விட்டு 'லம்மெ லோர்' என்று எழுதிவிட்டால் அர்த்தம் 'செயலிழந்த தொடைகள்' என்று ஆகிவிடும். இப்படி ஏகப்பட்டது உண்டு. சூரை மீன் துண்டுகள் டப்பாவில் இடைவெளி விழுந்தால் 'சூரை மீன் கடிக்கிறது'. அன்னாசி வளையங்கள் டப்பாவில் விழுந்தால் 'அன்னாசி போன் செய்கிறது' (அன்னாசிக்கு அங்கேயும் 'அனனாஸ்' என்றுதான் பெயர்). புகையில்லா இடம் என்று சொல்லும் 'ரெய்க்ஃப்ரித்' என்ற அறிவிப்பு, நடுவில் வெட்டுப்பட்டால் 'தாராளமாகப் புகை பிடி' என்று அழைக்கும். எல்லாவற்றிலும் புகழ்பெற்றது கோழிக் கல்லீரல். 'ஷில்லிங்லேவெர்' என்று சேர்த்து எழுதினால் சாப்பாடு. 'ஷில்லிங் லேவெர்' என்று பிரித்தால் 'கோழி உயிரோடிருக்கிறது'.

இந்த நகைச்சுவைக்குப் பின்னால் ஒரு விஷயம் இருக்கிறது. இந்தத் தவறு எழுத்தில் மட்டும்தான் நடக்கும். வாயில் நடக்கவே நடக்காது. கல்லீரலைச் சொல்லும்போது 'ஷில்' மேல் மட்டும் ஓர் அடி விழும், மீதியெல்லாம் அதன் நிழலில் ஓடிவிடும். கோழி உயிரோடிருப்பதைச் சொல்லும்போது இரண்டு அடி விழும், 'ஷில்' மேல் ஒன்று, 'லே' மேல் ஒன்று. பள்ளிக்கூடமே போகாத குழந்தைக்கும் இந்த வித்தியாசம் காதில் விழும். எழுத்துக்களோ இரண்டிலும் ஒன்றேதான்.

நார்வே நாட்டின் எழுத்துமுறை 1907, 1917, 1938 என்று வரிசையாக மாற்றப்பட்டது. அதற்குப் பிறகும் நிற்கவில்லை. கமிட்டி போட்டார்கள், பார்லிமெண்டில் சண்டை போட்டார்கள், பெற்றோர்கள் தெருவுக்கு வந்தார்கள். ஆனால் அந்த மொழியின் ஆகப் பழைய சொத்து எந்தக் கமிட்டியின் மேஜைக்கும் வரவில்லை, ஏனென்றால் அதை எழுதவே முடியாது. சொல்லில் எங்கே அடி விழுகிறது, குரல் எப்படி ஏறி இறங்குகிறது என்பதுதான் அந்தச் சொத்து.

முதலில் அடி. நார்வே, சுவீடன், டென்மார்க், ஐஸ்லாந்து மொழிகளின் பொதுவான மூதாதையை வைக்கிங் காலத்து நார்ஸ் மொழி என்பார்கள். அதில் அழுத்தம் எப்போதும் சொல்லின் முதல் அசை மேல். (அசை என்றால் இங்கே யாப்பிலக்கணத்து நேர், நிரை இல்லை. வாய் ஒரு தடவை திறந்து மூடும் ஒரு தட்டு, அவ்வளவுதான். 'மரம்' என்பதில் இரண்டு தட்டு.) இரண்டு சொற்களைச் சேர்த்து ஒரு கூட்டுச்சொல் செய்தால், முதல் சொல்லின் அடி முழுதாக நிற்கும், இரண்டாம் சொல்லின் அடி பாதியாகக் குறையும். அந்தப் பாதி அடிதான் "நாங்கள் இருவரும் இப்போது ஒருவர்" என்பதற்கான அடையாளம்.

பாதி அடி வாங்கிய சொல்லுக்கு ஓர் ஆபத்து உண்டு. நாளாக நாளாக அது தேயும். பழைய மொழியில் ஜன்னலுக்கு 'வின்டவ்க' என்று பெயர். 'வின்ட்' காற்று, 'அவ்க' கண். காற்றுக் கண்! கூரையில் புகை போக விட்ட ஓட்டைக்கு எவ்வளவு அழகான பெயர். அந்தக் 'கண்' பாதி அடியிலேயே பல நூறு வருஷம் கிடந்து தேய்ந்து, இன்றைய நார்வேயில் பெரும்பான்மையோர் எழுதும் 'வின்டு' ஆகிவிட்டது. காற்று இருக்கிறது, கண் போய்விட்டது. இங்கிலாந்தில் குடியேறிய வைக்கிங்குகள் இதே சொல்லை அங்கே விட்டுவிட்டுப் போனார்கள். ஆங்கிலத்தின் 'விண்டோ' அதுதான்.

ஊர்ப் பெயர்களில் இந்தத் தேய்மானம் இன்னும் பலமாகத் தெரியும். ஓஸ்லோவுக்குப் பக்கத்தில் 'பேரும்' என்று ஒரு வசதியான ஊர் இருக்கிறது. அது ஒரு காலத்தில் 'பெர்க்ஹெய்ம்', மலை வீடு. 'ஹெய்ம்' என்ற முழுச்சொல், வெறும் 'உம்' என்று முனகலாகிவிட்டது. ஒலுஃப் ரிக் என்ற வரலாற்றாசிரியர் தொடங்கிவைத்த நார்வே பண்ணைப் பெயர்கள் பற்றிய தொகுப்பு 1897 முதல் 1936 வரை பல பாகங்களாக வெளிவந்தது. அதில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் இப்படி வால் தேய்ந்த கூட்டுச்சொற்களாகவே வரும். தலை மட்டும் பெரும்பாலும் பத்திரம். அடி விழுந்த இடம் தேயாது.

இனி அடுத்த விஷயம். கதையின் சுவாரசியமான பாகம் இதுதான்.

நார்வே மொழியில் விவசாயிகளுக்கு 'பென்னெர்' என்று பெயர். அவரைக்கும் 'பென்னெர்'. (உதட்டை 'ஓ' மாதிரி குவித்துக்கொண்டு 'எ' சொன்னால் அந்த முதல் உயிரொலி வந்துவிடும்.) எழுத்தில் விவசாயிக்கு நடுவில் ஒரு 'ட்' உண்டு, ஆனால் அதை யாரும் உச்சரிப்பதில்லை. மெய்யும் உயிரும் அழுத்தமும் எல்லாம் ஒன்றேதான். ஆனாலும் ஓஸ்லோவில் யாரும் இரண்டையும் குழப்பிக்கொள்வதில்லை. காரணம் குரலின் போக்கு. விவசாயியைச் சொல்லும்போது குரல் கீழே தொடங்கி மேலே ஏறும். அவரையைச் சொல்லும்போது மேலே தொடங்கி, கீழே இறங்கி, மறுபடி ஏறும். வெளிநாட்டுக்காரர்கள் "நார்வேக்காரர்கள் பேசினால் பாட்டுப் பாடுகிற மாதிரி இருக்கிறது" என்று சொல்வது இதனால்தான். முதல் தொனி, இரண்டாம் தொனி என்று இவற்றைப் பிரிப்பார்கள். மேற்கே பெர்கன் பக்கம் போனால் மெட்டு வேறு, அங்கே முதல் தொனியே மேலே தொடங்கும். ஆனால் எந்தச் சொல் எந்தத் தொனி என்ற கணக்கு பெரும்பாலும் நாடு முழுக்க ஒன்றேதான்.

அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது?

ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய வடிவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விடை தெரிந்துவிடும். விவசாயிகள் அப்போது 'பேண்ட்ர்'. ஒரே அசை. கடைசி 'ர்' மெய்களோடு ஒட்டிக்கொண்டு நிற்கும், அதற்கென்று உயிர் கிடையாது. அவரை அப்போது 'பவ்னிர்'. இரண்டு அசை. பிற்காலத்தில் 'பேண்ட்ர்' சொல்ல நாக்குக்குச் சிரமமாகி, நடுவில் ஓர் 'எ' நுழைந்தது. அப்போது அதுவும் இரண்டு அசைச் சொல்லாகிவிட்டது. ஆனால் குரல் மட்டும் பழைய ஓரசை மெட்டை விடவில்லை. புது வீட்டுக்குப் போன பிறகும் பழைய பழக்கம் போகாத ஆள் மாதிரி.

அதாவது முதல் தொனி என்றால் "இந்தச் சொல் முன்பு ஓரசை". இரண்டாம் தொனி என்றால் "இந்தச் சொல் அப்போதே ஈரசை". அசைகளின் எண்ணிக்கை மாறிவிட்டது. எண்ணிக்கையின் ஞாபகம் மாறவில்லை.

இன்னொரு ஜோடி, 'தாங்கென்'. தண்ணீர்த் தொட்டிக்கும் அதுதான், மனசில் தோன்றும் எண்ணத்துக்கும் அதுதான். தொட்டி என்பது 'தாங்க்' என்ற ஓரசைச் சொல், அதோடு 'அந்த' என்று சுட்டுகிற 'என்' பின்னால் ஒட்டியது. எண்ணம் என்பது ஏற்கெனவே 'தாங்கெ' என்று ஈரசை, அதோடு ஒரு 'ன்' மட்டும் ஒட்டியது. தொட்டிக்கு முதல் தொனி, எண்ணத்துக்கு இரண்டாம் தொனி. இங்கே சரித்திரம் எதுவும் தெரியாமலே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். சுட்டுச்சொல்லை வால் மாதிரிப் பின்னால் ஒட்டும் வழக்கம் வைக்கிங் காலத்தில்தான் வந்தது. முன்பு அது தனிச்சொல். அது வந்து ஒட்டியதைக் குரல் இன்றுவரை அசையாகக் கணக்கில் சேர்க்கவில்லை!

மாக்னெ ஊஃப்தெடால் என்ற நார்வே மொழியியலாளர் 1952-ல் எழுதிய கட்டுரை இந்த விஷயத்தில் பெரிய திருப்பம். தொனி வித்தியாசம் ஏதோ ஒரு நாளில் புதிதாகப் பிறந்ததல்ல, ஓரசைச் சொற்களுக்கும் ஈரசைச் சொற்களுக்கும் இயல்பாகவே வெவ்வேறு மெட்டு இருந்திருக்க வேண்டும், ஓரசைச் சொற்கள் வால் ஒட்டியோ உயிர் நுழைந்தோ ஈரசையாக மாறியபோதுதான் அந்த மெட்டு வித்தியாசம் பொருள் வித்தியாசமாக வெளியே தெரிந்தது என்பது அவர் வாதத்தின் சாரம். இதன் விவரங்கள் பற்றி அறிஞர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் பழைய அசைக்கணக்குக்கும் இன்றைய தொனிக்கும் உள்ள பொருத்தத்தை யாரும் மறுக்கவில்லை.

அக்கம்பக்கத்து வீடுகளையும் எட்டிப் பார்க்கலாம். டென்மார்க்கில் மெட்டு போய்விட்டது, அதற்குப் பதில் தொண்டையில் ஒரு சின்ன விக்கல் மாதிரி ஓர் ஒலி வந்தது. விவசாயிக்கு விக்கல் உண்டு, அவரைக்கு இல்லை. ஓரசைக்காரர்கள் விக்குவார்கள், ஈரசைக்காரர்கள் விக்க மாட்டார்கள். அதே பழைய கணக்கு, வேறு கருவி. ஐஸ்லாந்தோ பழைய எழுத்தையும் இலக்கணத்தையும் கட்டிக் காப்பாற்றியதற்குப் பேர்போன நாடு. அங்கே இந்தத் தொனி வித்தியாசம் கிடையாது. புத்தகங்களைக் காப்பாற்றியவர்களிடம் இல்லாதது, புத்தகங்களைத் தொலைத்தவர்களிடம் இருக்கிறது.

புத்தகங்களைத் தொலைத்த கதை 1349-ல் தொடங்குகிறது. அந்த வருஷம் கொள்ளைநோய் கப்பலேறி நார்வேக்கு வந்தது. மக்கள்தொகையில் பாதிக்கும் மேல் அழிந்திருக்கலாம் என்பது கணிப்பு. எழுதத் தெரிந்த பாதிரிமார்களும் போனார்கள். நாடு டென்மார்க் ராஜாவின் கைக்குப் போனது. நிர்வாகமும், பிறகு பைபிளும் டேனிஷ் மொழியில் வந்தன. நார்வே மொழிக்கு எழுத்து என்று ஒன்று இல்லாமல் போய், கிட்டத்தட்ட முந்நூறு வருஷம் வாயிலேயே வாழ்ந்தது. மேற்பார்வை எதுவும் இல்லாத காலம். அந்த இருட்டிலும் அதற்குச் சற்று முன்பும் அசைகளுக்குள் ஒரு பெரிய மறுசீரமைப்பு நடந்துமுடிந்தது.

பழைய மொழியில் அழுத்தமான அசை குட்டையாகவும் இருக்கலாம், நெட்டையாகவும் இருக்கலாம். குறில் பின்னால் ஒற்றை மெய் வரலாம், நெடில் பின்னால் இரட்டை மெய்யும் வரலாம். புதிய ஒழுங்கில் எல்லா அழுத்த அசைக்கும் ஒரே எடை. உயிர் நீண்டால் மெய் குறுக வேண்டும், உயிர் குறுகினால் மெய் நீள வேண்டும். 'தாக்' என்றால் கூரை, 'தக்க்' என்றால் நன்றி. 'பேன்' என்றால் அழகான, 'பென்ன்' என்றால் பேனா (ஒரு நார்வேக்காரர் "நீங்கள் பேன்" என்றால் தலையைத் தடவிப் பார்க்க வேண்டாம்). குட்டைச் சொற்கள் உயிரையோ மெய்யையோ நீட்டிக்கொண்டன, அதிநெட்டைச் சொற்கள் உயிரைக் குறுக்கிக்கொண்டன. இரவைக் குறித்த 'நாத்த்' அப்படித்தான் 'நத்த்' ஆனது.

எல்லா ஊரும் இதற்குக் கட்டுப்படவில்லை. நாட்டின் நடுவில் கூட்பிரான்ஸ்டால் பள்ளத்தாக்கின் வடக்குக் கோடியில் பழைய குட்டை அசை பல காலம் பிடிவாதமாக நின்றது. கிழக்கு நார்வே கிராமங்களில் வினைச்சொற்கள் இரண்டு கட்சியாக இருக்கும், சில 'அ'-வில் முடியும், சில 'எ'-யில் முடியும். 'இரு' என்பது 'வெரா', ஆனால் 'எறி' என்பது 'கஸ்தெ'. ஏன் என்று கிராமத்துக்காரரைக் கேட்டால் சிரிப்பார். முன்பு குட்டை அசையாக இருந்த வேர்கள் வால் உயிரைக் காப்பாற்றிக்கொண்டன, நெட்டை வேர்கள் காப்பாற்றவில்லை. அறுநூறு வருஷத்துக்கு முந்தைய எடைக்கணக்கு அது. வடக்கே டிரொன்டெலாக் மாவட்டத்தில் வாலையே முழுதாக விழுங்கிவிட்டு 'கஸ்த்' என்பார்கள். ஆனால் குரல் ஓரசைக்குள்ளேயே ஏறி இறங்கி வளையும். விழுங்கிய அசைக்கான இடத்தைக் குரல் காலியாக விடாது.

வியாபாரம் வந்த பிறகுதான் முதல் அசை விதிக்கே சவால் வந்தது.

1360 வாக்கில் பெர்கன் துறைமுகத்தில் ஜெர்மன் வணிகர்களின் ஹன்சா கூட்டமைப்பு நிரந்தர அலுவலகம் போட்டது. வடக்கிலிருந்து காய்ந்த காட் கருவாடு வரும், தெற்கிலிருந்து தானியம் வரும், நடுவில் கணக்குப் புத்தகம் ஜெர்மானியர்கள் கையில். 1754 வரை இந்தக் கடை நடந்தது. கருவாட்டோடு மொழியும் கைமாறியது. இன்றைய நார்வே மொழியில் சரக்குக் கட்டணம், பில், வியாபாரம், பணம் செலுத்து என்ற சொற்களெல்லாம் அவர்கள் பேசிய கீழை ஜெர்மனிலிருந்து வந்தவை. வணிகம் படிப்பவர்கள் சந்தோஷப்படலாம். ஒரு மொழியின் அழுத்தத்தை மாற்றியதில் கல்லாப்பெட்டிக்குப் பெரிய பங்கு உண்டு.

'பெதாலெ' என்றால் பணம் செலுத்து. இதில் முன்னால் நிற்கும் 'பெ' ஒரு முன்னொட்டு, அதன் மேல் அடி விழாது, 'தா' மேல்தான் விழும். முதல் அசையிலேயே அடி வாங்கிப் பழகிய மொழிக்கு இது புதுசு. தொனியிலும் இதன் தடயம் இருக்கிறது. 'தாலெ' என்றால் பேசு, அதற்கு இரண்டாம் தொனி. 'பெதாலெ'-வுக்கு முதல் தொனி. விருந்தாளிக்குத் தனித் தட்டு மாதிரி, இப்படி முன்னொட்டோடு வந்த சொற்களுக்கு நார்வேக் காது முதல் தொனியையே ஒதுக்கிவைத்தது.

பின்னால் பிரெஞ்சு வழியாகக் கடைசி அசையில் அடி விழும் சொற்கள் வந்தன. ஸ்டேஷன், வாழைப்பழம், செய்தித்தாள். படித்தவர்கள் 'ஸ்தஷூன்' என்று 'ஷூன்' மேல் அடிப்பார்கள். கிழக்கு நார்வேயின் கிராமத்துக்காரர்களும் ஓஸ்லோவின் கிழக்குப் பக்கத் தொழிலாளர் குடும்பங்களும் பழைய விதிப்படி 'ஸ்தா' மேல் அடித்தார்கள். வைக்கிங் காலத்திலிருந்து வரும் விதியைக் கடைப்பிடித்தவர்கள் இவர்கள்தான். ஆனால் நாகரிகமில்லாத பேச்சு என்று பெயர் வாங்கியவர்களும் இவர்கள்தான். மேற்கு ஓஸ்லோவின் நல்ல வீடுகளில் 'ஸ்தாஷூன்' என்று சொன்ன குழந்தையைத் திருத்துவார்கள். ஒரு அடி எங்கே விழுகிறது என்பதை வைத்து எந்தத் தெரு என்று சொல்லிவிட முடிந்த ஊர் அது.

1814-ல் டென்மார்க் பிடி விட்டது. நாடு கிடைத்தது, எழுத மொழி இல்லை. இரண்டு பேர் இரண்டு வழி சொன்னார்கள். ஈவார் ஓசென் (1813-1896) மேற்குக் கரையில் ஒரு சிறு விவசாயியின் மகன், தானாகப் படித்தவர். 1842 முதல் 1846 வரை பள்ளத்தாக்கு பள்ளத்தாக்காக நடந்து, விவசாயிகளின் வாயைக் கேட்டு எழுதினார். 1848-ல் இலக்கணம், 1850-ல் அகராதி. அவர் கட்டிய மொழிதான் இன்று நீநொஷ்க் எனப்படுவது. க்னுட் க்னுட்சென் (1812-1895) பள்ளி ஆசிரியர். புது வீடு கட்ட வேண்டாம், இருக்கும் டேனிஷ் எழுத்தையே நகரத்துப் படித்தவர்களின் உச்சரிப்புக்கு ஏற்பத் திருத்திக்கொண்டே போகலாம் என்றார். அந்த வழியில் வந்தது பூக்மோல். நீநொஷ்க், பூக்மோல் என்ற பெயர்கள் 1929-ல் வந்தன. 1885-லேயே பார்லிமெண்ட் இரண்டுக்கும் சம அந்தஸ்து கொடுத்துவிட்டது.

ஓசெனுக்கு ஹன்சாக்காரர்கள் விட்டுப்போன முன்னொட்டும் பின்னொட்டும் பிடிக்கவில்லை. சுதந்திரத்துக்குப் பூக்மோலில் ஜெர்மன் வால் ஒட்டிய 'ஃப்ரீஹேத்', நீநொஷ்கில் உள்ளூர் வால் ஒட்டிய 'ஃப்ரீடம்'. தொடங்கு என்பதற்கு அங்கே 'பெயின்னெ', இங்கே 'பிர்யா'. நீநொஷ்கில் ஜன்னல் இன்றும் 'வின்டவ்கெ'. தேய்ந்துபோன கண்ணை ஓசெனின் மொழி திரும்பப் பொருத்திவிட்டது.

இரண்டு கட்சியும் எதற்கெல்லாம் சண்டை போட்டன என்பதற்கு ஒரு ஊர் போதும். டிரொன்ட்ஹெய்ம் நகரத்தின் பெயர் டேனிஷ் பாணியில் 'யெம்' என்று முடிந்துகொண்டிருந்தது. 1930-ல் அரசாங்கம் மத்தியகாலப் பெயரான நீடரோஸ் என்று மாற்றியது. ஊர் கொதித்தது. 1931-ல் பழைய பெயரே திரும்பி வந்தது, ஆனால் கூட்டுச்சொல்லின் இரண்டாம் பாதி 'யெம்' இல்லை, நார்வே பாணி 'ஹெய்ம்'. உள்ளூர்க்காரர்கள் இன்றும் வாயில் 'ட்ரொன்யெம்' என்றுதான் சொல்கிறார்கள். பலகையை மாற்ற ஒரு சட்டம் போதும். பாதி அடி விழும் இடத்தில் நாக்கு என்ன செய்யும் என்பதற்குச் சட்டம் கிடையாது.

சட்டம் கிடையாது என்பதைவிட, சட்டம் வேறு மாதிரி இருந்தது என்பதே சரி. 1878-ல் நார்வே பார்லிமெண்ட் ஒரு தீர்மானம் போட்டது. ஆரம்பப் பள்ளியில் கற்பிப்பது முடிந்தவரை குழந்தைகளின் சொந்தப் பேச்சு மொழியிலேயே இருக்க வேண்டும் என்பது அது. அதன் பிறகு வந்த பள்ளிச் சட்டங்களும் அதே திசையில் போயின. எழுத்துக்கு ஆயிரம் விதி போட்ட நாடு, உச்சரிப்புக்கு அதிகாரபூர்வ விதி எதையும் போடவில்லை. பிரான்ஸ் மாதிரி நாடுகளில் வட்டாரப் பேச்சை வகுப்பறையிலிருந்து விரட்டிக்கொண்டிருந்த காலம் அது. இந்த மொழிக்கதையில் மிக முக்கியமான வருஷம் எது என்றால் 1907-ம் இல்லை 1938-ம் இல்லை, இந்த 1878-தான். மேற்கு ஓஸ்லோ வீடுகள் திருத்தியதைப் பள்ளிக்கூடம் திருத்தக் கூடாது என்று ஆனது. குரலின் மெட்டு அந்தந்தப் பள்ளத்தாக்கில் அப்படியே இருந்தது.

வாய்க்குள் கை வைக்க அரசாங்கம் ஒரே ஒரு முறை பகிரங்கமாக முயன்றது. டெலிபோனுக்காக. இருபத்தைந்தை அதுவரை 'ஃபெம் ஒ தீவெ', அதாவது ஐந்தும் இருபதும் என்று சொல்லிவந்தார்கள். எக்ஸ்சேஞ்ச் பெண்ணிடம் நம்பர் சொல்லி இணைப்பு வாங்கும் காலத்தில், காதில் ஐந்து முதலில் விழுந்து இருபது பின்னால் விழுந்தால் குழப்பம். நம்பர்களும் நீண்டுகொண்டே போயின. தந்தி-டெலிபோன் துறை கேட்டுக்கொள்ள, பார்லிமெண்ட் ஒத்துக்கொண்டு, 1951 ஜூலை 1 முதல் பத்து முன்னால் ஒன்று பின்னால் என்று 'ஷூயெஃபெம்' அமலுக்கு வந்தது. நடுவில் இருந்த 'உம்' எடுபட்டு எண்ணுப்பெயர் இறுக்கமான கூட்டுச்சொல்லானது. பள்ளிக்கூடமும் ரேடியோவும் முழுமூச்சாக இறங்கின. எழுபது வருஷத்துக்கு மேல் ஆகியும் வயதைச் சொல்லும்போது 'ஐந்தும் இருபதும்' என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரே ஆள் டெலிபோன் நம்பரைப் புது முறையிலும் வயதைப் பழைய முறையிலும் சொல்வது அங்கே அதிசயமில்லை.

அதே 1950-களில் இரண்டு எழுத்துமொழிகளையும் ஒன்றாக்கும் அரசாங்கத் திட்டத்தை எதிர்த்து, நகரத்துப் பெற்றோர்கள் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் பேனாவை வைத்து ஸ்பெல்லிங்கைத் திருத்திக் கொடுத்தார்கள். 2002-ல் அந்தத் திட்டம் முறைப்படி கைவிடப்பட்டது. இத்தனை சண்டையிலும் தொனிக்கு ஒரு குறி வேண்டும் என்று எந்தக் கட்சியும் கொடி பிடித்ததில்லை. எழுதாமலே எல்லோருக்கும் தெரிந்த விஷயத்துக்குக் குறி எதற்கு?

கூட்டுச்சொல்லுக்கு மட்டும் எழுத்தில் ஒரே ஒரு அடையாளம் கொடுத்தார்கள், இடைவெளி விடாமை. அந்த ஒன்றுதான் இப்போது ஆட்டம் காண்கிறது. பழியெல்லாம் ஆங்கிலத்தின் மேல் போகிறது. ஆங்கிலத்தில் பல கூட்டுச்சொற்களைப் பிரித்து எழுதுவார்கள், அதைப் பார்த்துப் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்கிறார்கள். நீண்ட கூட்டுச்சொல் தெரியாத கம்ப்யூட்டர் ஸ்பெல்லிங் சோதனை, அதற்கடியில் சிவப்புக் கோடு போட்டுப் பிரிக்கச் சொன்னதும் ஒரு காரணம். ஓஸ்லோ பல்கலைக்கழகத்தில் வானியல்காரர்கள் சிலர் இதற்கெதிராக ஒரு சங்கமே ஆரம்பித்தார்கள். நட்சத்திரத்தை விட்டுவிட்டுச் சொற்களைப் பார்க்கிற அளவுக்குக் கோபம்! வேடிக்கை என்னவென்றால் மத்தியகாலத்து நார்ஸ் கையெழுத்துப் பிரதிகளிலும் கூட்டுச்சொற்களை அடிக்கடி பிரித்துத்தான் எழுதியிருக்கிறார்கள். தோலில் எழுதிய பாதிரியாரை எந்த ஆங்கில விளம்பரமும் கெடுத்திருக்க முடியாது. படிக்கிறவர் உரக்கப் படிப்பார், அடி எங்கே விழும் என்று அவர் நாக்குக்குத் தெரியும், இடைவெளி அவருக்கு ஒரு பொருட்டில்லை. மௌனமாகப் படிக்கும் காலத்தில்தான் செயலிழந்த தொடைகள் பிரச்சினையாகின்றன.

கூட்டுச்சொல்லின் தொனியிலும் நார்வே தனி வழி. ஸ்டாக்ஹோமில் கூட்டுச்சொல் என்றால் அநேகமாக எல்லாவற்றுக்கும் இரண்டாம் தொனிதான், கேள்வியே இல்லை. ஓஸ்லோவில் அப்படி இல்லை. சிலவற்றுக்கு முதல் தொனி, சிலவற்றுக்கு இரண்டாம் தொனி, முதல் உறுப்பாக நிற்கும் சொல் எது, அது எப்படி ஒட்டியிருக்கிறது என்பதைப் பொறுத்து. வெளிநாட்டு மாணவர்கள் இதை விதி போட்டுக் கற்க முடியாமல் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். நார்வேக் குழந்தைகள் கேட்டே கற்றுக்கொள்கின்றன. தட்டு கூட்டுச்சொல்லில் விழுந்ததும் பழைய அசைக்கணக்கு அழிந்துவிட வேண்டும் என்பது சுவீடன் தலைநகரத்தின் தீர்ப்பு. அழிய வேண்டியதில்லை என்பது ஓஸ்லோவின் தீர்ப்பு.

எல்லா நார்வேக்காரர்களுக்கும் இந்தச் சொத்தில் பங்கு இல்லை. பெர்கனுக்கு வடக்கே கடலோரத்தில் சில ஊர்களிலும், சாமி மொழியோடு பல தலைமுறை கலந்து வாழ்ந்த வடகோடியின் சில பகுதிகளிலும் தொனி வித்தியாசம் கிடையாது. அங்கே விவசாயிக்கும் அவரைக்கும் ஒரே மெட்டு, தொட்டிக்கும் எண்ணத்துக்கும் ஒரே மெட்டு. யாரும் அதனால் விவசாயியை வேகவைத்துவிடவில்லை. ஆனால் அங்கேயும் கோழிக் கல்லீரலுக்கு ஓர் அடிதான், கோழி உயிரோடிருந்தால் இரண்டு.